பன்னிரண்டாவது ஆள்

லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர் மணியை அழுத்துவார். காவலாளி ஓடிவந்து யாருக்கோ போன் செய்வார். அந்த யாரோ, எந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் நான்கு பேருக்குப் போன் செய்வார். அதற்குள் உள்ளே இருப்பவர் வியர்த்து விறுவிறுத்து, தெரிந்த தெய்வத்தையெல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டு முடித்திருப்பார். இந்த நான்கு போன்களை ஒன்றாக்குவதுதான் அந்தச் சின்ன நிறுவனத்தின் வேலை. அழைப்பு பதிவானதும் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கின் கைபேசி தானாக அலறும். சொன்னால் ஒரு வரிதான். அந்த ஒரு வரியைச் செய்து முடிக்க ஒன்பது பேர் இரண்டரை வருஷமாக மாரடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது பேரில் முதலில் வந்தவள் அவள். அவள் வந்தபோது நிறுவனம் என்பது ஒரு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, அதன் முன்னால் நின்று பேசிக்கொண்டே இருந்த முதலாளி. முதலாளிக்கு அவளைவிட ஐந்து வயது குறைவு. மூச்சு விடாமல் பேசுவான், எதைக் கேட்டாலும் "மேல போகுது, மேல போகுது" என்பான். அதனால் அவனுக்கு ராக்கெட் என்று பெயர் விழுந்தது. அவன் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அலுவலகம் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். காலையில் ஜன்னலைத் திறந்தால் வார்னிஷ் வாசனை ஏறிவரும். வந்த புதிதில் அவளுக்குத் தலை வலித்தது. பிறகு, விடுமுறை முடிந்து திரும்பும்போது படிக்கட்டின் முதல் படியிலேயே அந்த வாசனையை மூக்கு தேட ஆரம்பித்துவிட்டது.

அதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தாள். அங்கே ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற மூன்று கூட்டம் நடக்கும். கடைசியில் பழைய நிறமே இருக்கட்டும் என்று முடிவாகும். யாரோ எழுதிவைத்த கணினி நிரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதுதான் வேலை. ராக்கெட் கூப்பிட்டபோது அவள் மகளுக்கு நாலரை வயது. கணவர் இயன்முறை மருத்துவர். சொந்தமாக ஒரு சின்ன கிளினிக், நடக்கப் பழகும் நோயாளிகள், அவரை நம்பி வாரத்துக்கு மூன்று தடவை வரும் முழங்கால்கள். அவரால் ஊரை விட்டு நகர முடியாது. ராக்கெட்டோ எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"ஒரு வருஷம். ஒரே வருஷம்தான்," என்றாள் அவள் கணவரிடம்.

"போயிட்டு வா. இங்க உக்காந்து நீ விடுற பெருமூச்சுக்கு வீட்ல ஃபேனே போட வேண்டாம் போலிருக்கு," என்றார் அவர்.

ஒரு வருஷம் இரண்டரை வருஷமாயிற்று. மாதத்தில் இரண்டு முறை ஏழு மணி நேரம் ரயிலில் போய்வந்தாள். மற்ற நாட்களில் காலை ஏழேகாலுக்கு வீடியோ கால். அந்தப் பக்கம் அவர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார். மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. வாலுவின் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் திரையில் தெரியும். "அப்பா, வலிக்குது" என்று அவரிடம் சொல்வாள். "சாப்பிட்டியாம்மா?" என்று இவளிடம் கேட்பாள். அந்தக் கேள்வியிலிருந்த மரியாதை இவளை என்னவோ செய்யும். ஆனால் எட்டரைக்கு அலுவலகம் போய்விட்டால் தலைக்கு மேல் வேலை. என்னவோ செய்தது மறந்துபோகும்.

மறக்கமுடியாமல் போனது ஒரு சனிக்கிழமை. ரயிலிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்குப் போனாள். வாலுதான் கதவைத் திறந்தாள்.

"வாம்மா. உக்காரு. தண்ணி வேணுமா?"

உள்ளே ஓடிப்போய் ஒரு தட்டில் கண்ணாடி டம்ளரை வைத்து, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த டம்ளர் அலமாரியின் மேல்தட்டில் இருப்பது, வெளியாட்கள் வந்தால் எடுப்பது.

"பாத்ரூம் லைட் ஸ்விட்ச் மாத்திட்டோம்மா. இப்ப இடது பக்கம் இருக்கும். உனக்குத் தெரியாதுல்ல, அதான் சொல்றேன்." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அப்பா! அம்மாவுக்கு எந்தத் தலகாணி குடுக்கிறது?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். விருந்தாளியை இவ்வளவு நன்றாகக் கவனிக்கப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேலிகூடச் செய்தாள். குளியலறைக்குப் போனபோது கை பழக்கத்தில் வலது பக்கம் சுவரைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை, புதிதாகப் பூசிய சிமெண்ட் மட்டும். கதவை மூடிக்கொண்டு அந்த இருட்டில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். சொந்த வீட்டில் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று ஒரு ஏழு வயதுப் பிள்ளை சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை ராக்கெட்டிடம் போய், வேலையை விடுகிறேன் என்றாள்.

அவன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழு நிமிஷம் பேசாமல் இருந்தான். "போக வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் இல்லக்கா," என்றான் கடைசியில். "ஆனா ஒண்ணு செய்யுங்க. உங்க நாற்காலியில உக்கார ஒரு ஆளை நீங்களே பாத்து வெச்சுட்டுப் போங்க. நான் பாத்தா நல்லாப் பேசறவனை எடுத்துருவேன். என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

நியாயமாகத்தான் பட்டது. ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தாள். வீட்டிலும் அப்படித்தான் சொன்னாள்.

இன்டர்வியூ என்றால் மற்ற இடங்களில் நாலைந்து சுற்று வைப்பார்கள். இவள் ஒரே ஒரு சுற்று வைத்தாள். மென்பொருளில் அழைப்புகளைத் தரம்பிரிக்கும் பகுதி ஒன்று இருந்தது, சுமார் அறுபது வரி. அவள் அங்கே வந்த முதல் வாரத்தில், கைப்பட, ஒரே மூச்சில் எழுதியது. அதற்குப் பிறகு எத்தனையோ எழுதியிருந்தாலும் அந்த அறுபது வரி மேல் தலைச்சன் பிள்ளைக்குள்ள வாஞ்சை. அதைக் கையில் கொடுத்து, "இது என்ன செய்யுதுன்னு படிச்சு சொல்லுங்க. நீங்க எழுதினா எப்படி எழுதுவீங்க?" என்று கேட்பாள்.

முதலில் வந்தவர் படிக்கவே இல்லை. உலகத்தில் உள்ள மென்பொருள் கருவிகளின் பெயரையெல்லாம் பாராயணம் மாதிரி ஒப்பித்தார். இரண்டாவது ஆள் வீடியோவில் வந்தார். கேள்வியை வேறொரு ஜன்னலில் தட்டி விடை தேடியது அவர் மூக்குக்கண்ணாடியிலேயே தெரிந்தது. மூன்றாவது பெண் கெட்டிக்காரி, ஆனால் ஆறு மாதத்தில் வெளிநாடு போகிறவள். நான்காவது ஆளைப் பார்த்து "அவசரக்காரர்" என்று குறிப்பெழுதினாள். ஐந்தாவது ஆள் "ரொம்ப நிதானம்". ஏழாவது ஆள் உண்மையிலேயே நன்றாகச் செய்தான். அவனை ஏன் வேண்டாம் என்றோம் என்று அன்றைக்கே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. "கேள்வி கேக்கலை" என்று எழுதிவைத்தாள்.

ஒரு மாதம் நான்கு மாதமாயிற்று. பதினோரு பேர் வந்து போனார்கள்.

நிரலில் பிழை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வேலையில் ஒருவன் இருந்தான். எதைக் கொடுத்தாலும் குற்றம் கண்டுபிடிப்பதால் அவன் பெயர் குத்தம். பதினோராவது குறிப்பையும் படித்துவிட்டு அவள் மேசையில் வந்து சாய்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? மகனுக்குப் பொண்ணு பாக்கற மாமியாரே உங்ககிட்ட தோத்துருவாங்க. மூக்கு சரியில்ல, முழி சரியில்லன்னு."

"சரியான ஆள் வரலப்பா. என்ன பண்ணச் சொல்ற?"

"வரலையா, வந்தவங்களை நீங்க உள்ள விடலையா?"

"போடா, போய் வேலையப் பாரு," என்றாள். ஆனால் அன்று மாலை முழுக்க அந்தக் கேள்வி செருப்பில் மாட்டிய கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் கணவர் போனில், "எத்தனாவது?" என்று கேட்பார். "ஒன்பது", "பத்து" என்று இவள் சொல்வாள். அவர் "ம்" என்பார். பதினொன்றுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்கவில்லை. கிளினிக்கில் புதிதாக வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள் பற்றியும், வாலுவுக்கு ஆட ஆரம்பித்திருக்கும் முன்பல் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம். கேட்காமல் விட்டதற்கு என்ன பதில் சொல்வது? போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அதே மனசு, நாளைக் காலை போய் முடிக்கவேண்டிய ஒரு வேலையையும் விட்ட இடத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே மனசுதான் என்பதை யாரிடம் சொல்லமுடியும்?

பன்னிரண்டாவது விண்ணப்பத்தை அவள் மேசையில் வைத்தவன் குத்தம். ஒன்பது வருஷ இடைவெளி என்பதால் முதல் சல்லடையிலேயே விழுந்துபோன விண்ணப்பம் அது. "சும்மா பாருங்கக்கா. கூடவே வெச்ச கடிதத்துல ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல. எனக்கே ஆச்சரியமா இருக்கு," என்றான்.

வந்த பெண்மணிக்கு நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு வயதிருக்கும். இவளைவிட ஆறேழு வயது மூத்தவர். இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கோடு போட்ட நோட்டு ஒன்றும் பென்சிலும் கையில். உட்கார்ந்ததும் மேசையின் விளிம்பை ஒருமுறை உள்ளங்கையால் தடவினார்.

"ஒன்பது வருஷம் இடைவெளி இருக்குங்களே," என்றாள் இவள்.

"ஆமாங்க. அம்மாவுக்கு பக்கவாதம் வந்துருச்சு. எழுந்திரிக்கவே முடியாது. நான் ஒரே பொண்ணு. போன வருஷம் போயிட்டாங்க." அனுதாபத்தை எதிர்பார்த்துச் சொன்ன குரல் அல்ல. பெயர், விலாசம் சொல்வதுபோல் சொன்னார்.

"இப்ப வந்திருக்கிற கருவியெல்லாம் பழக்கமா?"

"பாதி தெரியாதுங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது? ஆறு மாசமா வீட்ல உக்காந்து படிக்கிறேன். இன்னும் பாதி இருக்கு."

"இந்த ஒன்பது வருஷத்துல கோட் எழுதவே இல்லையா?"

அவர் சிரித்தார். "கனவுல எழுதுவேன். அங்க ஒரு பிழை வராது, எல்லாம் ஒரே தடவைல ஓடிரும். முழிச்சா ஒரு வரி ஞாபகம் இருக்காது."

இவள் அறுபது வரியைத் திரையில் காட்டினாள். காகிதத்தில் அச்செடுத்துத் தரமுடியுமா என்று அவர் கேட்டார். கொடுத்தாள். பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் குனிந்தார். பன்னிரண்டு நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஒரு வரியில் நிற்பார், மேலே போவார், திரும்பக் கீழே வருவார். நெடுநாள் பட்டினி கிடந்தவர் முதல் வாயை அவசரப்படாமல் மெல்வது போல இருந்தது. இந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று எதிரே உட்கார்ந்திருந்த இவளுக்குத் தோன்றியது. பெரிய நிறுவனத்தில் எட்டு வருஷம் தன் முகம் உள்ளுக்குள் இப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

"ஒரு சந்தேகம்," என்றார் அவர் நிமிர்ந்து. "ஒரு விலாசத்துல ஒரு லிஃப்ட்தான் இருக்கும்னு வெச்சு எழுதியிருக்காங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"ஒரே விலாசத்துலேருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள இன்னொரு அழைப்பு வந்தா, அதே ஆள் பதட்டத்துல மறுபடி கூப்பிடறார்னு எடுத்துக்கிட்டு தள்ளிவிடுது. இங்க பாருங்க, இந்த வரி. எங்க குடியிருப்புல ரெண்டு பிளாக். நடுவுல தோட்டம். விலாசம் ஒண்ணுதான். கரண்ட் ஒரு குதி குதிச்சா ரெண்டு பக்கமும் சேந்துதான் நிக்கும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக எத்தனை தடவை பட்டிருக்கேன்! ரெண்டு லிஃப்டுலயும் ஆள் இருந்தா, இந்தக் கணக்குப்படி ஒருத்தருக்குத்தான் மெக்கானிக் வருவாரு."

"வந்த மெக்கானிக் ரெண்டையும் பாத்துருவாருல்ல?" தன் குரலில் இருந்த சப்பைக்கட்டு இவளுக்கே கேட்டது.

"யாராவது சொன்னாப் பாப்பாரு. அவர் போன்ல ஒரு அழைப்புதானே இருக்கும்? இந்தப் பக்கம் முடிச்சுட்டு, இந்தப் பக்கத்துக் காவலாளிகிட்டக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவாரு." பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். "மத்தபடி ரொம்ப அழகா எழுதியிருக்காங்க. யார் எழுதினது?"

"நான்தான்."

அவர் முகம் வெளுத்தது. நோட்டை மூடினார். வேலை கைநழுவிப் போய்விட்டது என்று நினைத்துவிட்டார் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. "மன்னிச்சுக்கங்க. பட்டுன்னு சொல்லிட்டேன்."

"நல்லவேளை சொன்னீங்க," என்றாள் இவள்.

அவர் போனபிறகு குத்தத்தைக் கூப்பிட்டாள். இருவரும் இரண்டரை வருஷப் பதிவுகளை எடுத்துத் தேடினார்கள். நான்கு முறை நடந்திருந்தது. மூன்றில் பத்து, பதினைந்து நிமிஷத்தில் யாரோ விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். நான்காவதில் ஒரு மணி பத்து நிமிஷம். ஒரே விலாசத்திலிருந்து ஏழு அழைப்புகள். ஏழுக்கும் நேராக மென்பொருளே எழுதிவைத்த ஒரே வாசகம்: "ஏற்கெனவே ஆள் அனுப்பப்பட்டுள்ளது." உள்ளே இருந்தவர் ஆணா பெண்ணா, என்ன வயது என்று பதிவில் எதுவும் இல்லை. ஏழு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழு முறையும் இவள் கைப்பட எழுதிய வரி, வந்துவிட்டார்கள் என்று பொய் சொல்லியிருக்கிறது.

"நானும்தானே சோதிச்சேன்? எனக்கும் தோணலையேக்கா," என்றான் குத்தம் மெல்ல. "பேருதான் குத்தம்."

அவள் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே ஒருவர் ஒரு நாற்காலியின் காலுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்டியது. பிழைக்காகத்தான் என்று குத்தம் நினைத்திருப்பான். பிழைக்காகவும்தான். தன்னால் பார்க்கமுடியாததைப் பார்க்கிற ஆள் வந்துவிட்டார் என்றால் தான் போய்விடலாம் என்று அர்த்தம். இனி "சரியான ஆள் வரவில்லை" என்று யாரிடமும் சொல்லமுடியாது, தன்னிடம்கூட.

ராக்கெட் தலையைச் சொறிந்தான். "ஒன்பது வருஷ இடைவெளியாக்கா? முதலீடு போட்டவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"பதினோரு பேர் என் கேள்விக்குப் பதில் சொன்னாங்க. இவங்க ஒருத்தர்தான் கேள்வியே தப்புன்னு சொன்னாங்க. அதைச் சொல்லு. அதோட அந்த ஒரு மணி பத்து நிமிஷத்தையும் சொல்லு. அதை நீ வெளிய சொல்லாம மூடி வெச்சேன்னா நான் இன்னைக்கே கிளம்பறேன்."

அவன் சொன்னான். சம்பந்தப்பட்ட குடியிருப்புக்கும் அவனே நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். பேச்சுக்காரன்தான், ஆனால் நல்ல பிள்ளை.

அன்று வழக்கமில்லாத நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"ஆள் கிடைச்சாச்சு."

அந்தப் பக்கம் யாரோ நோயாளி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணியபடி காலைத் தூக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. "சும்மா சொல்லாத," என்றார் கணவர்.

"பன்னிரண்டாவது. அடுத்த மாசம் முதல் வாரம் வந்துருவேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "ஜலதோஷம்," என்றார். "ரெண்டு நாளா இருக்கு." நேற்றுக் காலைதான் வீடியோவில் பார்த்திருந்தாள். ஜலதோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை.

புது ஆளுக்கு வேலையைக் கைமாற்றிவிட மூன்று வாரம். இரண்டரை வருஷத்தில் அவளுக்கு வாய்த்த மிக நல்ல மூன்று வாரம் அதுதான் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். இருவரும் ஒரே திரையின் முன் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுத மற்றவர் பார்ப்பார். அரை மணிக்கொரு தடவை விசைப்பலகை கைமாறும். புதியவரை எல்லாரும் பென்சில் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டார். புதிய கருவிகளில் திணறுவார், "இதுக்கு எதுக்குங்க இத்தனை சுத்துவழி?" என்பார். அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை என்று பாதி நேரம் தெரியவரும். பாழாய்ப்போன அந்த வரியை முதல் வாரமே இருவரும் சேர்ந்து பிடுங்கி எறிந்தார்கள். ஒவ்வொரு லிஃப்டுக்கும் தனி எண் கொடுத்தார்கள். குத்தம் இரண்டு நாள் மல்லுக்கட்டியும் அதில் ஒரு குற்றமும் காணமுடியாமல் சோர்ந்துபோனான்.

மதியம் இருவரும் மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இத்தனை நாள் தனக்கு இப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் போனாரே என்று இவளுக்கு இருந்தது. எழுதுவதை அப்படியே புரிந்துகொள்கிற ஒருவரோடு ஒரு நாளைக் கழிப்பது என்றால் என்ன என்று கிளம்பும் நேரத்தில்தான் தெரியவேண்டுமா?

ராக்கெட் அந்த முகத்தைப் படித்துவிட்டான். "அக்கா, ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆறு மாசம்... எவ்வளவு மேல போகும் தெரியுமா? நான் கட்டாயப்படுத்தல. கேட்டுப் பாக்கறேன், அவ்வளவுதான்."

அவள் இல்லை என்று உடனே சொல்லவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. மதியம் படிக்கட்டில் பென்சிலிடம் கேட்டாள்: "நீங்க என்ன சொல்றீங்க? இருக்கவா, போகவா?"

"என்கிட்ட கேக்காதீங்க," என்றார் அவர். "நீங்க இருந்தா எனக்கு நல்லது. வந்ததுலேருந்து பயந்துக்கிட்டே இருக்கேன். நீங்க பக்கத்துல இருந்தா பயம் பாதியாகுது. அதனால என் பேச்சை நம்பாதீங்க."

"அம்மாவைப் பாத்துக்கிட்டு வீட்ல இருந்தப்போ இதுக்கு ஏங்கினீங்களா?"

"தினமும். கூசாம சொல்றேன், சில நாள் அம்மா மேல எரிச்சல்கூட வந்திருக்கு." டப்பாவை மூடினார். "இப்ப இங்க உக்காந்திருக்கேன். பதினோரு மணி ஆச்சுன்னா அம்மாவுக்கு மருந்து குடுக்கற நேரம்னு கை பரபரங்குது. எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்துக்கறேன்."

இருவரும் டப்பாக்களை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

மாலையில் ராக்கெட்டிடம் போய், "இல்லப்பா, கிளம்பறேன்," என்றாள்.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். ராக்கெட் பேச ஆரம்பித்து, பாதியில் குரல் உடைந்து, "மேல போகுது" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்து முடித்துக்கொண்டான். வேலையை விட்டவர்களின் கடவுச்சொல்லை அன்று மாலை ஐந்து மணிக்கு முடக்கவேண்டும் என்பது இவளே போட்ட விதி. ஐந்து மணிக்கு ரயிலில் இருந்தாள். ஒரு பழக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு முன்வரை தன் வீட்டு வாசல் போல இருந்த பக்கம், "உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது. எழுதியவள் அவளேதான், அந்த வாசகத்தையும். இன்னும் கொஞ்சம் பதமாக எழுதியிருக்கலாம் என்று பட்டது.

வீட்டில் வாலு ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. அப்படியெல்லாம் நடக்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்கவில்லை என்று தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் பத்து நாள் பிள்ளை அவளைச் சுற்றிச்சுற்றி வந்து வேவு பார்த்தது. "திங்கக்கிழமை போகலையா?" என்று கேட்டது. அடுத்த திங்கட்கிழமையும் கேட்டது. மூன்றாவது திங்கட்கிழமை கேட்கவில்லை. அன்று காலை சீப்பை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனவள், அவர் குளித்துக்கொண்டிருந்ததால், இவளிடம் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இவள் பின்னியது ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அப்பா நல்லாப் பின்னுவாரு," என்று சொன்னாள். ஆனால் அவிழ்க்கவில்லை. அப்படியே பள்ளிக்கூடம் போனாள்.

வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. பள்ளிகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனம். யாரோ எழுதியதைத் துடைத்து வைக்கிற வேலைதான். ஒரு பொத்தானுக்கு மூன்று கூட்டம். அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மதியம் மூன்று மணிக்குத் திரையை மூடினால் மூடினதுதான். கணவர் ஒருநாள் சாப்பிடும்போது, "பெருமூச்சு விடணும்னா விட்டுரு. அடக்கி வெக்காத," என்றார். அவள் சிரித்துக்கொண்டே அவருக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். கண் மட்டும் கலங்கியது.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. வாலுவுக்கு நீச்சல் வகுப்பு. குளத்தைச் சுற்றிப் போட்டிருந்த நீளப் பெஞ்சில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்திருந்தபோது பென்சிலின் அழைப்பு வந்தது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மெக்கானிக்குகளின் வார விடுமுறையைக் கணக்கிடும் இடத்தில் ஒரு பழைய முடிவு, ஏன் அப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். இவள் சொன்னாள். சொல்லச்சொல்ல அந்தப் பக்கம் காகிதத்தில் எழுதும் கரகர சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் குத்தம் யாரையோ கலாய்க்கும் குரல், நாற்காலி இழுபடும் ஓசை, ராக்கெட் ஓயாமல் பேசிக்கொண்டே அறையைக் கடந்துபோவது.

"சனிக்கிழமையும் வேலையா?" என்றாள்.

"திங்கக்கிழமை புதுசு ஒண்ணு வெளிய போகுது. எல்லாரும் இருக்கோம்." ஒரு கணம் தயங்கி, "உங்க நாற்காலி கிறீச்சுங்குதுங்க. சரிபண்ணவே விடமாட்டேங்கறாங்க, இப்படியே இருக்கட்டுமாம்," என்றார்.

அழைப்பு முடிந்தபிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். குளத்தில் பத்துப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தார்கள். இங்கிருந்து ஏழு மணி நேரத் தொலைவில் ஒரு அறை அவள் இல்லாமல் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பில் பெருமையும் இருந்தது, நெஞ்சைப் பிசைவதும் இருந்தது. ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் கூடவே வரும் போலிருந்தது.

வாலு சொட்டச்சொட்ட வந்து எதிரே நின்றாள். "யாரும்மா போன்ல?"

"பழைய ஆபீஸ்ல."

"திரும்ப அங்க போகப் போறியா?"

"இல்ல."

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது. முன்பல் இரண்டும் விழுந்து புதிதாக ஒன்று பாதி முளைத்திருந்தது. "ஆனா போகணும்னு இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். எதிரே நின்ற கண்கள் பொய் சொல்ல விடவில்லை.

"இருக்கு. தினமும் இல்ல. சில நேரம் ரொம்ப இருக்கு."

வாலு யோசித்தாள். பெஞ்சில் ஏறி, நனைந்த உடம்போடு ஒட்டி உட்கார்ந்தாள். இவள் உடை இடுப்பு வரை ஈரமாயிற்று.

"சரி," என்றாள் வாலு. "இப்ப ரொம்ப இருக்கா, கொஞ்சமா இருக்கா?"

"இப்பவா? இப்ப நடுத்தரம்."

"எனக்கு ரொம்பப் பசிக்குது," என்று சொல்லி, எழுந்திருக்காமல், அவள் தோளில் ஈரத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் குளத்தில் இறங்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.